பார்டரில் நிற்கும் சர்க்கரை: இளம் வயதினர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.9 என்று வந்த தாளை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள் இன்று நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையில் சேரும்போது நிறுவனம் எடுக்கச் சொன்ன உடற்பரிசோதனை, காப்பீட்டுக்காகக் கொடுத்த ரத்தம், மாதவிடாய் தள்ளிப்போகிறதென்று மருத்துவரிடம் சென்றபோது சேர்த்துப் பார்த்த சோதனை என ஏதோ ஒரு வழியில் அந்த எண் வெளிப்படுகிறது. "பார்டரில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு பெரும்பாலான ஆலோசனைகள் முடிந்துவிடுகின்றன. அந்த வாக்கியம் தவறில்லை, ஆனால் போதாது. எவ்வளவு குறைப்பது, எடையே அதிகமில்லாதவர் எதைக் குறைப்பது, மாத்திரை வேண்டுமா, இப்போது பலரும் விசாரிக்கும் ஊசி வேண்டுமா, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்பவற்றுக்கு அதில் விடை கிடையாது.

இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கு வசதியாக மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் 29 வயது ஆண். உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ.; தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டாமவர் 26 வயதுப் பெண். உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ, இடுப்பு 84 செ.மீ.; தாய், தந்தை இருவருக்குமே சர்க்கரை உண்டு. மூன்றாமவர் 31 வயது ஆண். உயரம் 172 செ.மீ., எடை 118 கிலோ, இடுப்பு 124 செ.மீ. மூவரும் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) முறையே 28.4, 22.4, 39.9. எடை இயந்திரத்தை மட்டும் நம்பினால், இரண்டாமவரை யாரும் கவலைப்பட வேண்டியவராகக் கருதமாட்டார்கள். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது பெரும்பாலும் அவரைச் சுற்றியதுதான்.

எடைக்கும் சர்க்கரைக்கும் இடையில் என்ன நடக்கிறது

சாப்பிட்ட உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பகுதியை, இன்சுலினின் ஏவலால், தசைகளே வாங்கிக்கொள்கின்றன. தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் நிறைந்துவிட்டால், மிஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் சென்று படிகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல், இன்சுலின் போதுமென்று சொன்னாலும் கேட்காமல், இரவெல்லாம் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு உயர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கணையத்தில் படிந்த கொழுப்போ இன்சுலின் சுரக்கும் செல்களின் வேகத்தைக் குறைக்கிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் டெய்லர் 2008-இல் இவ்விரண்டையும் ஒன்றையொன்று வளர்க்கும் இரட்டைச் சுழற்சி என்று விளக்கினார். ஒவ்வொருவருக்கும் கொழுப்பைத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு என்பதும் அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும் அவருடைய அடுத்த கருத்து. 120 கிலோவில் ஒருவருக்குச் சர்க்கரை சரியாக இருப்பதும் 60 கிலோவில் இன்னொருவருக்குக் கட்டுமீறிப்போவதும் இப்படித்தான் நிகழ்கின்றன.

நம் மக்களுக்கு அந்த எல்லை தாழ்வாக இருக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் படம் ஒன்று வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. வெளியில் ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு தெற்காசியர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. இதனால்தான் உலகெங்கும் 25 என்று வைக்கப்பட்ட அதிக எடைக்கான வரம்பு, இந்தியர்களுக்கு 23 என்று இறக்கப்பட்டது. 25-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வரம்பு.

எடைக்குப் பங்கில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தில்லி, சென்னை நகரவாசிகளைப் பின்தொடர்ந்து பெற்ற தரவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான கணிப்பொன்று, 20 வயதில் சர்க்கரை நோய் இல்லாத பெருநகர இந்திய ஆண்களில் 55 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 65 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் என்றேனும் அந்நோய் வரும் என்றது. அந்த வயதிலேயே உடற்பருமன் உள்ளவர்களுக்கு இருபாலாரிலும் அது ஏறத்தாழ 86 விழுக்காடாகிறது. எடை ஆபத்தை வெகுவாகக் கூட்டுகிறது. ஆனால் எடை குறைவாக இருப்பதால் ஆபத்து போய்விடுவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதை அளந்து முடிவெடுப்பது

வழியைத் தேர்வதற்கு முன் அளவைத் தேர்வது அவசியம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை: இவற்றில் ஏதேனும் ஒன்றில் சிக்கினாலும் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வரையறுக்கிறது. முறையே 126, 200, 6.5 என்பவற்றைத் தொட்டால் நீரிழிவு. மூன்று சோதனைகளும் ஒரே ஆளைப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருந்து, குளுக்கோஸ் குடித்த பின் மட்டும் உயர்பவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைபாடு ஹெச்பிஏ1சி-யைச் சற்றே கூட்டிக் காட்டக்கூடும். நம் இளம்பெண்களிடம் ரத்தசோகை மிகுதி என்பதால், அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து அவர்களைப் பற்றி முடிவுக்கு வருவது முறையாகாது.

நம் மூவரின் அளவுகளை இவ்வாறு வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரம் கழித்து 132, ஹெச்பிஏ1சி 5.9. இரண்டாமவருக்கு 94, 168, 5.8. மூன்றாமவருக்கு 118, 182, 6.3. வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் எடுத்திருந்தால் இரண்டாமவர் "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறையும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. வயது, இடுப்பு, பெற்றோர், உடலுழைப்பு ஆகிய நான்குக்கும் மதிப்பெண் இட்டு, மொத்தம் 60-ஐத் தொட்டால் மிகுந்த ஆபத்து என்கிறது அது. 35 வயதுக்குட்பட்டவருக்கு வயதுக்காக மதிப்பெண் ஏதும் இல்லை. முதலாமவருக்கு இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, ஒரு பெற்றோருக்கு 10 என 50. இரண்டாமவருக்கு இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, இரு பெற்றோருக்கும் சேர்த்து 20 என 60. இருபத்தாறு கிலோ குறைந்தவர் கூடுதலான ஆபத்தில் நிற்கிறார். ஒரு தையல் நாடாவும் பெற்றோரைப் பற்றிய ஒரு கேள்வியும் எடை இயந்திரம் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றன.

பொறுத்துப் பார்ப்பது

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் அடுத்த ஆண்டு சோதனையில் பார்த்துக்கொள்வது. செலவில்லை, தொந்தரவில்லை, சிலருக்கு அளவு தானாகவே இறங்குவதும் உண்டு. ஆனால் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இரண்டு மணி நேரச் சர்க்கரை உயர்ந்திருந்தவர்களில் வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரில் 55 விழுக்காட்டினர் மூன்றே ஆண்டுகளில் நீரிழிவு நோயாளிகளாயினர். அவர்கள் 35 முதல் 55 வயது வரையிலானவர்கள் என்பதால் 26 வயதுக்காரருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் இளம் வயதில் வரும் நீரிழிவு மென்மையானது என்று நம்பியிருக்க இடமில்லை. 10 முதல் 17 வயதுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்த ஆய்வில், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது போதாமல் போயிற்று. முப்பது வயதில் தொடங்கும் நோய் அறுபதில் தொடங்குவதைக் காட்டிலும் முப்பது ஆண்டுகள் கூடுதலாகக் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் அரிக்கக் காத்திருக்கிறது. பொறுத்துப் பார்க்கும் வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மூன்று மாதம் கழித்து மறுசோதனைக்கு நாள் குறித்துவிட்டு, இடையில் கீழே வரும் எதையாவது செய்கிறவர்கள் பொறுத்துப் பார்ப்பவர்கள் ஆகமாட்டார்கள்.

சாப்பாடும் நடையும், மாத்திரையும்

இவ்விரண்டையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், இவை ஒரே ஆய்வுகளில் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கப்பட்டவை. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்குகளோடு இருந்த பிரிவில் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. நாளொன்றுக்கு 1,700 மி.கி. மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்ட பிரிவில் 31 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை மட்டும் மேற்கோள் காட்டி, மாத்திரையைவிட நடையே மேல் என்று முடித்துவிடுவது வழக்கம். உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 25 முதல் 44 வயது வரையிலானவர்களிடம் வாழ்க்கைமுறை மாற்றம் 48 விழுக்காடும் மெட்ஃபார்மின் 44 விழுக்காடும் பலன் தந்தன. அதாவது இளையவர்களிடம் இரண்டும் ஏறத்தாழ சமம். அறுபதைத் தாண்டியவர்களிடம் மாத்திரையின் பலன் 11 விழுக்காடு மட்டுமே. எடையை வைத்துப் பிரித்தால், உடல் நிறைக் குறியீடு 35-ஐத் தாண்டியவர்களுக்கு மாத்திரை 53 விழுக்காடு உதவியது. 30-க்குக் கீழுள்ளவர்களுக்கு வெறும் 3 விழுக்காடு.

இந்த 3 விழுக்காட்டைப் பார்த்துவிட்டு, மெலிந்த இந்தியருக்கு மெட்ஃபார்மின் வீண் என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. மேலே சொன்ன சென்னை ஆய்வில் கலந்துகொண்ட 531 பேரின் சராசரி உடல் நிறைக் குறியீடு 25.8 மட்டுமே. அவர்களிடம் வாழ்க்கைமுறை மாற்றம் நோயை 28.5 விழுக்காடும் மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடும் குறைத்தன. கொடுக்கப்பட்ட மருந்தோ நாளுக்கு 500 மி.கி. தான், அமெரிக்க அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடவில்லை என்பது அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி. எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று: வாழ்க்கைமுறைப் பிரிவினரின் எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை. எடை அப்படியே இருக்க, நோய் வருவது குறைந்தது. அமெரிக்க ஆய்விலோ ஒரு கிலோ குறைவதற்கு ஆபத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைகிறது என்று கணக்கிட்டார்கள். கனத்த உடலில் எடைக்குறைப்பே மருந்தின் பெரும்பகுதி. மெலிந்த உடலில் உணவின் தரமும் தசையின் உழைப்பும் எடையைத் தொடாமலே வேலை செய்கின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவோம். முதலாமவருக்கு 7 விழுக்காடு என்பது 5.7 கிலோ. 82-லிருந்து 76-க்கு வந்தால் போதும். கல்லூரிக் காலத்து 65 கிலோவைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் ஆறு கிலோ என்பது பெரும்பாலானோருக்கு எட்டக்கூடியது. இரண்டாமவருக்கு எடை இலக்கே வைக்கக் கூடாது. 56 கிலோவிலிருந்து 50-க்கு இறங்கப் பட்டினி கிடந்தால் முதலில் போவது அவரிடம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையாக இருக்கும்; குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் இடம் இன்னும் சுருங்கும். அவருடைய இலக்கு இடுப்பை 84-லிருந்து 80-க்குக் கீழே கொண்டுவருவதும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியால் தொடை, முதுகு, தோள் தசைகளை வளர்ப்பதும்தான். எடை ஒரு கிலோ கூடினாலும் கவலைப்பட வேண்டாம் என்று அவரிடம் யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உணவில் எந்த முறை என்ற வாதம் முடிவில்லாதது. மாவுச்சத்தை அறவே தவிர்ப்பது, பதினாறு மணி நேரம் விரதம் இருப்பது, அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுவது ஆகிய மூன்றும்தான் இன்று அதிகம் பேசப்படுகின்றன. முதலாவது சர்க்கரையை விரைவாக இறக்கும். ஆனால் வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிட, ஒருவர் மட்டும் ஆண்டுக்கணக்கில் தனித் தட்டில் உண்பது பலருக்கு முடிவதில்லை. இரண்டாவது, காலை உணவைத் தவிர்த்தாலும் வேலைநாளைச் சமாளிக்கக்கூடியவர்களுக்கு உதவும். இரவு பத்து மணிக்கு அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்பவர்களுக்கு உதவாது. மூன்றாவதில் ஒரு மயக்கம் இருக்கிறது: மாவாக அரைத்துத் தோசை வார்த்த தினையும் மாவுச்சத்துதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்விலிருந்து 2025-இல் வெளியான பகுப்பாய்வு, இந்தியரின் உணவு ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. முழுத்தானிய மாவுக்கு மாறுவது மட்டும் போதாது, மாவுச்சத்தின் ஒரு பகுதியைத் தாவரப் புரதத்தாலோ பால் புரதத்தாலோ ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அதில் தெரியவந்தது.

ஆகவே நான் விரும்பும் வழி, தட்டை மாற்றாமல் தட்டில் உள்ள பங்கை மாற்றுவது. ஐந்து இட்லி மூன்றாகி, சாம்பாரில் பருப்பு கெட்டிப்பட்டு, பக்கத்தில் ஓர் அவித்த முட்டையோ சுண்டலோ சேரட்டும். மதியம் சோறு பாதியாகி, பொரியலும் கீரையும் மீனும் இரு மடங்காகட்டும். சைவர்களுக்குப் பயறும் தயிரும் பன்னீரும் உண்டு. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம்; 160 கலோரி. அதை நிறுத்துவதற்கு எந்த உணவு முறையும் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நடப்பது, குளுக்கோஸ் ஏறும் அதே நேரத்தில் தசைக்கு வேலை கொடுக்கிறது. சாப்பிட்ட பின் மட்டும் சர்க்கரை ஏறும் இரண்டாமவருக்கு அதிகாலை நடையைக் காட்டிலும் இந்த நடை பயன் தரும் என்பது என் கருத்து.

மெட்ஃபார்மின் பற்றிப் பலரும் அஞ்சுவது, ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டும் என்பது. தடுப்புக்காக எடுக்கும்போது அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை. எடையும் அளவும் இறங்கினால் மருத்துவர் நிறுத்திப் பார்க்கலாம். விலை குறைவு, தனியாக எடுக்கும்போது சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அரிது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் தொடக்க வாரங்களில் வரும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் பி12 வைட்டமின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் நிறைக் குறியீடு 35-ஐத் தாண்டியவர், வெறும் வயிற்றில் 110-ஐத் தொட்டவர், ஹெச்பிஏ1சி 6.0-ஐ எட்டியவர், கர்ப்பகாலச் சர்க்கரை வந்துபோன பெண் ஆகியோருக்கு இதைக் கருதலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. மூன்றாமவர் இதில் முதல் மூன்று வாசல்களிலும் நிற்கிறார். முதலாமவர் எதிலும் இல்லை. அவர் ஆறு மாதம் உணவையும் நடையையும் மட்டும் நம்பலாம். இரண்டாமவரும் அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஆனால் சென்னை ஆய்வில் மருந்து பெற்றவர்களைப் போல இரண்டு மணி நேரச் சர்க்கரை உயர்ந்தவர். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் 168 இறங்காவிட்டால் சிறிய அளவு மெட்ஃபார்மின் பற்றி மருத்துவரிடம் அவரே கேட்கலாம். சென்னையிலேயே 578 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வு இந்தப் படிமுறையைத்தான் கையாண்டது: முதலில் வாழ்க்கைமுறை, போதாதவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின். நோய் வருவது 32 விழுக்காடு குறைந்தது. ஆனால் அப்பிரிவில் பத்துக்கு ஏழு பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. மாத்திரைக்கு வருவதைத் தோல்வியாகக் கருதி வெட்கப்படுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஊசியும் அறுவை சிகிச்சையும்

செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு ஆகிய வார ஊசிகள் பசியைத் தணித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி எடையைக் குறைப்பவை. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. எடைக்குறைப்பில் இவற்றோடு மெட்ஃபார்மினை ஒப்பிடவே முடியாது. செமாக்ளூட்டைடு 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது. டிர்செபடைடின் உயர் அளவு 72 வாரத்தில் 20.9 விழுக்காடு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 1,032 பேரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, டிர்செபடைடு எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும் மருந்தில்லாத வெற்றூசி எடுத்தவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. தடுப்பு மருந்துகளில் இதற்கு இணையான பலனை இதற்குமுன் பார்த்ததில்லை.

ஆயினும் மூன்று விஷயங்களை எடை போட வேண்டும். முதலாவது, இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் உடல் நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்கள், அல்லது 27-ஐத் தாண்டி வேறு உபாதையும் உள்ளவர்கள். 22.4 உள்ள பெண்ணுக்கு இவற்றின் முடிவுகள் பொருந்தா. அழகுக்காகவோ அவசரத்துக்காகவோ அவர் இதை நாடினால் கொழுப்போடு தசையும் கரையும். இரண்டாவது, செமாக்ளூட்டைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. முப்பது வயதில் தொடங்குகிறவர் எத்தனை ஆண்டு இதற்குப் பணம் கட்ட முடியும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கிட வேண்டும். மூன்றாவது, குழந்தைப்பேறு. செமாக்ளூட்டைடைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். கணைய அழற்சி வந்தவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றையெல்லாம் கேட்காமல் ஊசி தருகிற இடத்தில் வாங்கக் கூடாது.

இரைப்பையைச் சிறிதாக்கி எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை நம் மூவரில் மூன்றாமவருக்கு மட்டுமே பேசத்தக்கது என்பது என் கருத்து. உடல் நிறைக் குறியீடு 35-ஐத் தாண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே கருதலாம் என்றும் 2022-இல் பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் வழிகாட்டின. 28.4-இல் இருக்கும் முதலாமவரும் இந்தக் கணக்கில் வந்தாலும், உணவையும் நடையையும் நம்பலாம் என்ற நிலையில் அவருக்கு இதைப் பேச வேண்டியதில்லை. ஸ்வீடனில் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், நீரிழிவு இல்லாதிருந்த பருமனானவர்களிடம் இச்சிகிச்சை நீரிழிவு வருவதை 83 விழுக்காடு குறைத்திருந்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் வைட்டமின் மாத்திரைகளும் தொடர் சோதனைகளும் தேவைப்படும். 39.9-இல் நிற்பவருக்கு என் வரிசை இது: உணவு மாற்றமும் மெட்ஃபார்மினும் இன்றே, மூன்று மாதத்தில் 118-லிருந்து 110 கிலோவுக்கு அருகில் வராவிட்டால் ஊசி, ஊசியின் செலவைத் தாங்க முடியாவிட்டாலோ அது ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அறுவை மருத்துவரின் ஆலோசனை. குறட்டை, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தால் இந்த வரிசையைச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டும்.

ஏற்கெனவே 6.5-ஐத் தாண்டிவிட்ட இளைஞர்களும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும், நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து நடந்த ஆய்வில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் நோய் தணிந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. கத்தாரில் 50 வயதுக்குட்பட்ட, நோய் வந்து மூன்று ஆண்டுகளே ஆனவர்களிடம் இது போன்ற முறையில் 61 விழுக்காடு. நோய் வந்து எவ்வளவு விரைவில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் கூடுகிறது. இது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தாமாகவே பட்டினி கிடந்தால் மயங்கி விழ நேரலாம்.

மீண்டும் அந்த 26 வயதுப் பெண்ணிடம் வருகிறேன். அவர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணினால், மற்ற இருவருக்கும் இல்லாத ஒரு காலக்கெடு அவருக்கு உண்டு. இன்று அவருடைய 168-ஐ யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள், ஏனெனில் வரம்பு 200. கருவுற்ற பின் அரசு மருத்துவமனையில் இதே 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அங்கே வரம்பு 140. அதே 168, அன்று கர்ப்பகால நீரிழிவு. அந்தச் சோதனைக்குப் பிறகு உணவை மாற்றவும் தசையை வளர்க்கவும் அவருக்குக் கிடைப்பது சில மாதங்களே. குமட்டலும் களைப்பும் அந்த மாதங்களிலும் பங்கு கேட்கும். இப்போது தொடங்கினால் ஓராண்டு கையில் இருக்கிறது. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ செல்லும்போது, எடை 56 கிலோ என்பதற்கு முன்னால், இடுப்பு 84, இரண்டு மணி நேரச் சர்க்கரை 168, பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு என்ற மூன்றையும் அவர் சொல்லட்டும்.